கிப்போவின் சட்டைப்பை

கிப்போவின் சட்டைப்பை வலப்பக்கம் இருந்தது. இருக்கக் கூடாது.

காலிதீன் ஜொய்ஸ்டிக்கை மேசையில் வைத்துவிட்டுப் பழைய ரீவிக்கு முன்னால் குனிந்தான். முப்பத்தைந்து வருடத்துக்கு முந்திய விளையாட்டு. கிப்போ என்கிற குட்டித் தபால்காரன் கூரைக்குக் கூரை தாவிக் கடிதம் கொடுப்பான், அவ்வளவுதான். அவன் வலப்பக்கம் பார்த்து நின்றால் சட்டைப்பை இடப்பக்கம் தெரியும். இடப்பக்கம் திரும்பினால் வலப்பக்கம் தெரியும். செய்தவர்கள் ஒரே படத்தைக் கண்ணாடியில் காட்டுவதுபோலப் புரட்டிப் போட்டிருந்தார்கள். இரண்டாவது படத்துக்குக் கேசட்டில் இடம் கிடையாது. இப்போது கிப்போ வலப்பக்கம் பார்த்து நிற்கிறான். பையும் வலப்பக்கம்.

"கள்ளக் கொப்பி. குப்பை," என்றான் காலிதீன், கமெராவைப் பார்த்து.

அவனுக்கு எல்லாமே குப்பைதான். லப்டொப்புக்குள் தேத்தண்ணியை ஊற்றிவிட்டுத் திருத்தக் கொண்டுவந்து, ஊற்றவேயில்லை என்று பள்ளிவாசலைக் காட்டிச் சத்தியம் செய்யும் வாடிக்கையாளர்கள் குப்பை. பழைய விளையாட்டுகளைப் பற்றி அவன் போடும் வீடியோக்களைப் பார்க்கும் நாற்பத்தோராயிரம் பேரும் குப்பை; எதைச் சொன்னாலும் கீழே வந்து 'இது போனுக்கு வருமா அண்ணே' என்றுதான் கேட்பார்கள். பக்கத்துப் புடவைக்கடைக் கச்சிமுகம்மது பெரிய குப்பை. வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆத் தொழுகைக்குப் போகும் வழியில் இவனுடைய கடைச் சட்டரைத் தட்டி ஸலாம் சொல்லி, "காலிதீன், பள்ளிக்கு வாறயா?" என்பார். காலிதீன் உள்ளே மூச்சுக் காட்டாமல் இருப்பான். கல்முனைக் கடைத்தெரு ஓய்ந்து கிடப்பது வாரத்தில் அந்த ஒரு மணித்தியாலம் மட்டும்தான். பஸ் ஹோர்ன் இல்லை, ஓட்டோ இல்லை. குத்பாப் பிரசங்கத்தில் தூங்கி விழுகிறவர்களுக்குப் பக்கத்தில் போய் உட்காருவதைவிட அந்த அமைதியில் வீடியோ எடுக்கலாம் என்பது அவன் கணக்கு.

மகள் நுஸ்ஹாவிடம் மட்டும் பள்ளிக்குப் போவதாகச் சொல்லியிருந்தான். அந்தப் பொய் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. அவளுக்கு எட்டு வயது. தாய் கத்தாரில் ஆஸ்பத்திரித் தாதி. மருதமுனை வீட்டில் வாப்பாவும் மகளும்தான். வெள்ளிக்கிழமைகளில் பின்னொழுங்கையில் இருக்கும் மாமி வீட்டில் இருந்துவிட்டு, தொழுகை முடிந்து சனம் கலையும் நேரத்துக்குக் கடை வாசலுக்கு வருவாள். அவளை மோட்டார் சைக்கிளில் முன்னால் இருத்திக்கொண்டு வீட்டுக்குப் போகும் அந்தக் கால் மணி நேரத்தில் மட்டும் காலிதீன் யாரையும் ஏசுவதில்லை.

அவளுக்கு ஒரு பழக்கம். அவனுடைய வீடியோ எல்லாமே 'அஸ்ஸலாமு அலைக்கும் மக்காள்' என்று தொடங்கும். போனில் அதைப் போட்டாலே நுஸ்ஹா சத்தமாகப் பதில் சொல்லுவாள்.

"போனுக்குள்ள இரிக்கிறவனுக்குமா பதில் செல்ற?"

"ஸலாம் செல்லினா பதில் செல்லணும் வாப்பா. நீங்கதானே செல்லித் தந்த."

இந்தக் கேசட்டைக் கொண்டுவந்து தந்தவன் பவிதரன். பெரியநீலாவணையில் மீன்வாடி வைத்திருக்கிறான், வீடியோ ஒன்று விடாமல் பார்க்கிறவன். சும்மாவே வைத்துக்கொள்ளச் சொன்னான். போகும்போது சட்டருக்குக் கீழே நின்று தயங்கினான்.

"அண்ணன், மூணாம் லெவல்ல ஒரு பூட்டின கதவு வரும். அதுக்கு முன்னால சும்மா நிக்காதீங்க. உள்ளுக்கிருந்து மூணு தரம் தட்டும். பதிலுக்கு பட்டன அமத்திடாதீங்க."

"அமத்தினா?"

"எண்ட அண்ணன் அமத்தினவன். அதுக்குப் பிறகு இடக்கையாலதான் சாப்பிடுறான். நாய் பக்கத்தில வராது."

காலிதீன் அவன் போகும்வரை பொறுத்திருந்து சிரித்தான். இன்றைய வீடியோவே அந்தப் பேயனுக்காகத்தான். மூன்று தடவை தொடக்கத்தைச் சொல்லிப் பார்த்து, மூன்றாவதில் திருப்திப்பட்டு, கமெராவுக்கு முன்னால் பாடம் எடுத்தான்.

"மக்காள், இந்த விளையாட்ட மூணு பேர் செஞ்ச. கேசட்டுக்குள்ள இடம், நீங்க போன்ல எடுக்கிற ஒரு போட்டோவுக்கும் காணாது. அதால எல்லாம் இரவல். கடல் அலையும் கூரை ஓடும் ஒரே படம், நிறம் மட்டும் வேற. நாய் குரைக்கிற சத்தம், கதவு சாத்துற சத்தத்த வேகமா ஓட விட்டது. மூணாம் லெவல் வீட்டுக்கு ஒரு வீட்டுக்காரன் இருந்த. அவனுக்குத் தனியா ஒரு உருவம் வரைய இடமில்ல. கிப்போட உருவத்தையே அவனுக்கும் குடுத்தாங்க. ஒரு உருவம், ரெண்டு ஆள். ஒராள் வெளிய நிண்டா மற்றாள் உள்ள. பிறகு சரிவராதெண்டு கதவப் பூட்டிட்டாங்க. ஆனா அவன அழிக்கல்ல. அழிச்சா மற்றதெல்லாம் குழம்பும். இன்னமும் உள்ளதான் இரிக்கான். இதத்தான் சில மீன்வாடி விஞ்ஞானிகள் பேயெண்டு செல்ற."

கிப்போவைக் கதவுக்கு முன்னால் நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். அப்போதுதான் பை இடம் மாறியது.

மின்விசிறியைச் சத்தத்துக்காக நிறுத்தி வைத்திருந்ததால் கடைக்குள் சூடான தூசியும் ஈயம் உருகிய மணமும் பின்னறையில் அடுக்கிக் கிடந்த செத்த மொனிட்டர்களின் பழைய பிளாஸ்டிக் வாடையும் ஒன்றாகக் கலந்து நின்றன. சட்டரில் உப்புக்காற்று தின்ற ஓட்டை வழியே ஒரு முழ வெயில் உள்ளே விழுந்திருந்தது. பள்ளி ஒலிபெருக்கியில் குத்பா தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும் மக்காள்."

அவனுடைய குரல். லப்டொப் தானாக ஓடத் தொடங்கிவிட்டது என்று நினைத்தான். பார்த்தான். மூடித்தான் இருந்தது. ஹெட்போனுக்குள் ஏதோ எதிரொலி, மலிவான சாமான். கழற்றி எறிந்தான்.

ஒலிபெருக்கியில் குத்பா கேட்கவில்லை. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும் மக்காள்."

இந்த முறை, வீடியோவின் தொடக்கத்தை அவன் முதல் தடவை சொல்லிப் பார்த்தபோது இடையில் வந்த சின்னச் செருமலும் அதில் இருந்தது. கச்சிமுகம்மதின் வேலை என்று தோன்றியது. பள்ளிக்கு வராதவனைப் பிடிக்க வெளியே நின்று கேலி செய்கிறார், கிழட்டுக் குரங்கு. மூன்று தரம் ஸலாம் சொல்லிப் பதில் வராவிட்டால் போய்விட வேண்டும், அதுதானே முறை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போய்விடுவார். காலிதீன் வாயை இறுக்கி மூடினான். ஆனால் சட்டர்ப் பக்கம் யாருடைய நிழலும் வெயிலை மறைக்கவில்லை. சத்தம் வந்தது பின்னறையிலிருந்து. அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது. வெளியே போய்விடலாமா என்று யோசித்தான். எதற்கு? பயமா, அவனுக்கா? ஜொய்ஸ்டிக்கின் வயரைப் பிடுங்கப் போனான்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மக்காள்."

"வஅலைக்குமுஸ்ஸலாம்," என்றான் காலிதீன்.

வாய் சொன்னது. அவன் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து தும்மல் வருவதுபோல வந்து பழகியது. பட்டனைத்தான் அமத்தக் கூடாது என்றான் பவிதரன். பட்டனில் அவன் கை வைக்கவே இல்லை.

ரீவியில் கதவு திறந்தது.

கரண்ட் போனது.

இருட்டு. சட்டர் ஓட்டையின் வெயில் மட்டும். அவன் தடவிக்கொண்டு சட்டருக்கு வந்தான், பூட்டைத் தேடினான். பத்து வருடமாகக் கை கண்ணை மூடிக்கொண்டு தேடிப்போகும் இடம். அங்கே பூட்டு இல்லை. கொளுக்கி இல்லை. வெறும் தகரம். குனிந்து ஓட்டையில் கண்ணை வைத்தான்.

வெளியே ஒருவன் சட்டரைப் பூட்டிக்கொண்டிருந்தான். காலிதீனின் சாவிக் கொத்து. காலிதீனின் கோடுபோட்ட சட்டை. பூட்டிவிட்டுத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, தொழுதுவிட்டு வந்தவன்போலத் தெருவைப் பார்த்து நின்றான்.

சட்டைப்பை வலப்பக்கம்.

சனம் கலைந்து வந்தது. கச்சிமுகம்மது வந்தார். "இண்டைக்காவது வந்தியே," என்று அவனுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். அவன் இடக்கையை நீட்டியிருந்தான். கச்சிமுகம்மது ஒரு கணம் பார்த்தார், சிரித்தார், போய்விட்டார். காலிதீன் அவருடைய பெயரைச் சொல்லிக் கத்தினான். தகரத்தை உதைத்தான். ஒரு சத்தமும் வெளியே போகவில்லை.

நுஸ்ஹா வந்தாள்.

தலையை மூடிய வெள்ளை முந்தானை. வலப்பக்கம் சிவப்புக் கிளிப். காலையில் அவனே குத்திவிட்டது.

"நுஸ்ஹா," என்று கூப்பிட்டான்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மக்காள்," என்றுதான் வந்தது காலிதீனின் வாயிலிருந்து.

அவள் சட்டரைத் திரும்பிப் பார்த்தாள். கேட்டிருக்கிறது. அவளுக்குக் கேட்கிறது.

"வாப்பா, உள்ள ஆரு?"

"ஒருத்தருமில்ல மகள். வா."

"ஒங்கட பொக்கற் மற்றப் பக்கம் இரிக்கி."

பார்த்துவிட்டாள். நாற்பத்தோராயிரம் பேரில் ஒருவனும் பார்க்காததை அவள் பார்த்துவிட்டாள். ஓடு மகள், மாமி வீட்டுக்கு ஓடு. அவன் தகரத்தில் வாயை ஒட்டிக்கொண்டு கத்தினான்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மக்காள்."

அவள் உதடு அசைந்தது. அப்போதுதான் காலிதீனுக்கு எண்ணிக்கை புரிந்தது. இரண்டு ஸலாம் ஆகிவிட்டது; மூன்றாவதுக்குத்தான் அவனும் பதில் சொன்னான். அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினான். பல்லால் கையைக் கடித்தான். மூச்சு விடவில்லை. இன்னும் ஒன்றுதான். அது வராது. அவன் சாகும்வரை வாயைத் திறக்கமாட்டான்.

வெளியே நின்றவன் சட்டர் ஓட்டையை நேராகப் பார்த்தான். காலிதீன் கமெராவைப் பார்க்கும் அதே பார்வை, எதிரே இருப்பதெல்லாம் குப்பை என்கிற பார்வை. பிறகு வலப்பக்கப் பையிலிருந்து போனை எடுத்து நுஸ்ஹாவின் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"வாப்பாட வீடியோ பாக்கிறயா மகள்?"

இல்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும் மக்காள்," என்றது போன்.

இல்லை. இல்லை.

"வஅலைக்குமுஸ்ஸலாம்," என்றாள் நுஸ்ஹா, எப்போதும்போலச் சத்தமாக.

மோட்டார் சைக்கிள் கிளம்பியது. முன்னால் இருந்த பிள்ளையின் முந்தானையில் சிவப்புக் கிளிப் இடப்பக்கம் இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இருட்டில் ஒரு சின்னக் கை வந்து காலிதீனின் விரலைத் தேடிப் பிடித்தது. வேர்த்திருந்தது. அவன் முழங்காலிட்டு, அவளுடைய தலையைத் தடவி, வலப்பக்கம் கிளிப்பைத் தொட்டு, அவள் பெயரைச் சொன்னான்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மக்காள்."

"வஅலைக்குமுஸ்ஸலாம்," என்று அவள் அழுதாள்.

பயப்படாதே, வாப்பா இருக்கிறேன் என்றான்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மக்காள்."

"வஅலைக்குமுஸ்ஸலாம்."