மேகசீன் பின்னால, தம்பி!

"வீல்ல்ல்ல்...!"

அமெரிக்காவின் காஸ்பர் நகரத்துப் பெரிய சாலையில், வெல்டாவின் துப்பாக்கிக் கடைக்குள்ளிருந்து கிளம்பியது அந்த அலறல்.

கொலையா?

இல்லை. சந்தோஷம்!

அலறியவன் லைல் ட்ராட்டர். வயோமிங் நெடுஞ்சாலைகளில் பனி வாரும் லாரி ஓட்டுகிறவன். அத்தனை பெரிய உடம்பிலிருந்து இப்படியொரு கீச்சுக்குரல் வந்ததில் அவனுக்கே வெட்கம்.

"வந்துருச்சா வெல்டா? நிஜமாவே வந்துருச்சா?"

"காலையிலதான் பெட்டியப் பிரிச்சேன். இந்த ஊருக்கே ஒண்ணுதான் அனுப்பியிருக்கான்."

கடைக்காரி வெல்டா, நரைத்த பின்னலைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, கண்ணாடி மேஜை மேல் அதை வைத்தாள்.

புத்தம் புது புல்பப் ரைஃபிள்!

விசைக்கு முன்னால் உட்கார வேண்டிய தோட்டாப் பெட்டி, அதாவது மேகசீன், இதில் பின்னால், தோள் பக்கம் உட்காரும். குழல் முழு நீளம்... ஆள் மட்டும் குட்டை!

லைல் தூக்கித் தோளில் வைத்தான். முதுகுத்தண்டு வரை சிலிர்த்தது.

"ஆர்லீன்... பாரேன்! லாரி கேபினுக்குள்ளயே சுத்தித் திருப்பலாம்!"

"பனி வார்ற லாரியில யாரச் சுடப் போற? பனிமனுஷனையா?"

கேட்டது அவன் மனைவி. மான்கறி வற்றலை மென்றுகொண்டிருந்தாள்.

"கயோட்டி நரி வருதுல்ல? நம்ம கன்னுக்குட்டிய..."

"நமக்கு ஏது கன்னுக்குட்டி?"

"...பக்கத்து வீட்டுக் கன்னுக்குட்டிய!"

"அலமாரியே மூச்சு முட்டிக் கிடக்கு, லைல்."

"அதெல்லாம் நீளம்! இது குட்டை! மூலையில சொருகிடலாம்! அதோட, நான் இடதுகைக்காரன். மத்த புல்பப்ல சுட்ட தோட்டாவோட உறை கொதிக்கக் கொதிக்கக் கன்னத்துல வந்து அடிக்கும். இதுல கீழ விழும்!"

"சரி. விசைய இழுத்துப் பாரு," என்றாள் ஆர்லீன்.

இழுத்தான். முகம் லேசாக மாறியது.

"எப்படி?"

"...பரவாயில்ல."

"சேத்துல கால் விட்ட மாதிரி இருக்கா, இல்லையா?"

"...கொஞ்சம்."

வாங்குவதா? வேண்டாமா? லைல் ரைஃபிளை மேஜை மேல் வைத்துவிட்டுத் தாடியைச் சொறிந்தான்.

கதவு மணி கிணுகிணுத்தது.

பச்சைக் கம்பளிக் குல்லாய் போட்ட ஒரு இளைஞன். கையில் பிஸ்டல்!

"யாரும் அசையாதீங்க! கை மேல!"

ஆறு கைகள் மேலே போயின.

"இந்தாம்மா! இடுப்புப் பக்கம் கை போச்சு... சுட்டுருவேன்! கைய மேஜை மேல வை!"

இடுப்பு உறையில் துப்பாக்கி இருந்தும் வெல்டா மேஜை மேல் கைகளை விரித்து வைத்தாள். சுவர் முழுக்கத் துப்பாக்கிகள்... எல்லாம் காலி!

குல்லாய்க்காரனின் விரல் விசை மேலேயே இருந்தது. அதுதான் லைலை உறைய வைத்தது. ஒரு தும்மல் வந்தாலும் தானாகவே வெடித்துத் தொலைக்கலாம். ஆர்லீன் நிற்பது நேர் எதிரில்!

"அந்தப் புதுசு... புல்பப்... அத இப்படித் தள்ளு."

ஊருக்கே ஒன்று! லைல் மனசில்லாமல் அதைத் தள்ளினான். திட்டமெல்லாம் எதுவும் இல்லை. பயத்தில் வாய் தானாக ஓடியது.

"தம்பி... யோசிச்சுத்தான் எடுக்கறியா?"

"என்னது?"

"விசை சரியில்ல."

"லைல்! வாய மூடு!" ஆர்லீன் பல்லைக் கடித்தாள்.

"நீதானே சொன்னே?"

குல்லாய்க்காரனின் நெற்றி சுருங்கியது. "நெட்ல ஆஹா ஓஹோன்னு போட்டிருந்தானே?"

"ஓசியில வாங்கினவன் வேற எப்படிப் போடுவான்?" என்றாள் வெல்டா.

அவன் இடது கையால் ரைஃபிளை எடுத்து விசையை இழுத்துப் பார்த்தான்.

"அட ஆமா... கொழகொழங்குது!"

"விசைய விடு. மேகசீன் மாட்டிப் பாரு. அங்கதான் தலைவலியே!" என்றான் லைல்.

காலி மேகசீன் மேஜை மேல் கிடந்தது. அவன் பிஸ்டல் பிடித்த கையின் இரண்டு விரலால் அதை எடுத்து, விசைக்கு முன்னால் தடவினான்.

"ஓட்டையே இல்லையே?"

"பின்னால, தம்பி!"

"பின்னாலன்னா?"

"அக்குளுக்குக் கீழ!"

குத்தினான். நழுவியது. மறுபடி குத்தினான். அவனுக்கு எரிச்சல் வந்தது. பிஸ்டலைக் கண்ணாடி மேஜை மேல் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் மல்லுக்கு நின்றான்.

ஆர்லீனால் பார்க்கச் சகிக்கவில்லை. "தலைகீழாப் பிடிச்சிருக்கப்பா! திருப்பு!"

கிளிக்!

"மாட்டிட்டேன் அண்ணே!" முகமெல்லாம் பல்லாக நிமிர்ந்தான்.

எதிரே அவனுடைய பிஸ்டல்... வெல்டாவின் கையில்!

"ரொம்ப சந்தோஷம். இப்போ அதக் கீழ வை."

வைத்தான்.

வெல்டா குறி மாறாமல் போலீஸுக்குப் போன் போட்டதும்தான் லைல் கைகளை இறக்கினான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆர்லீன் ஓடி வந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"சுட்டிருந்தான்னா என்ன பண்ணியிருப்பேன், மடையா...?"

குரல் உடைந்தது. மூக்கை அவன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டாள். பிறகு ரைஃபிளைப் பார்த்தாள்.

"வாங்கித் தொலை. விசை எப்படி இருந்தா என்ன? உசுரக் காப்பாத்தியிருக்கு!"

லைலுக்குத் தலைகால் புரியவில்லை. "வெல்டா! பேக் பண்ணு!"

"அத யாரும் தொடக்கூடாது!"

கதவருகே போலீஸ்காரி, துணை ஷெரீஃப் ரோமெரோ. குல்லாய்க்காரனுக்கு விலங்கு மாட்டிக் காருக்கு அனுப்பிவிட்டு, ரைஃபிளை ஒரு நீளப் பைக்குள் போட்டு ஒட்டினாள்.

"மேடம்... அது என்னுது!"

"பில் போட்டாச்சா?"

"இதோ... இப்போ..."

"அப்போ இது திருடப் பார்த்த பொருள். சாட்சிப் பொருள். கேஸ் முடியற வரைக்கும் எங்க ஆபீஸ்லதான்."

"எப்போ முடியும்?"

"ஒரு வருஷம்... ஒன்றரை வருஷம்..."

லைல் வாசலுக்கு ஓடினான். போலீஸ் கார் புறப்பட்டுக்கொண்டிருந்தது. பின் ஜன்னலில் பச்சைக் குல்லாய் எட்டிப் பார்த்தது.

"கவலப்படாதீங்க அண்ணே! அதுக்குள்ள அடுத்த மாடல் வந்துரும்!"