தாளில் நிற்பவன்

திரையில் இல்லாத ஒருவன் தாளில் நின்றிருந்தான்.

முதலில் அதை மைக்கறை என்றுதான் அவள் நினைத்தாள். வாங்கிய நாளிலிருந்தே அந்தப் பிரிண்டர் ஒரு சண்டைக்காரப் பிறவி. தாளைக் கடிக்கும், மையைத் துப்பும், அவசர வேலை என்று தெரிந்தால் அன்றைக்கென்று பார்த்துப் படுத்துக்கொள்ளும். ஆனால் இது கறை இல்லை. வீட்டு வரைபடத்தில், வாசல் கேட்டுக்கு உள்ளே, தலைக்கு ஒரு வட்டம், தோளுக்கு ஒரு நீள்வட்டம். மேலேயிருந்து பார்த்தால் மனிதன் எப்படித் தெரிவானோ அப்படி. அளவு காட்டுவதற்காகப் பிளான்களில் ஆள் வைப்பது வழக்கம்தான். இதில் அவள் யாரையும் வைக்கவில்லை.

அவள் ஒரு கட்டிட இன்ஜினியரிடம் பிளான் வரைபவள். மகளுக்குக் காய்ச்சல் என்பதால் இந்த வாரம் வீட்டிலிருந்தே வேலை. லேப்டாப் வழியாக ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, அங்கே உட்கார்ந்திருப்பது போலவே வரைவாள். அச்சடிக்கும்போது மட்டும் கண்ணை அகல விரித்துப் பார்க்க வேண்டும். ஆபீஸின் பெரிய பிரிண்டரும், பக்கத்து ஸ்டூலில் இருக்கும் அவளுடைய சொந்தப் பிரிண்டரும் திரைப் பட்டியலில் அடுத்தடுத்த பெயர்களாக வந்து நிற்கும். போன மாதம் ஞாபகப்பிசகாக, மகள் கிறுக்கிய யானையை ஆபீஸ் பக்கம் தள்ளிவிட்டாள். அது கதவு உயரத்துக்கு அச்சாகி, வாடிக்கையாளர் ஒருவர் முன்னால் போய் விழுந்ததாம். அதற்கு சார் எரிந்து விழுந்தது இன்னும் ஆறவில்லை.

இந்த வேலையும் அவர் அவள் கழுத்தில் கத்தியை வைத்து வாங்குவதுதான். "புது பார்ட்டியோட மனையும் உன் வீட்டு மனையும் ஒரே சைஸ்தானேம்மா. உன் வீட்டு பிளானையே எடுத்துப் பேர மாத்திப் போடு. சாயங்காலத்துக்குள்ள வரலேன்னா நாளைக்கு நீயும் வராத" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அவள் வீட்டுப் பிளானும் அந்த ஆபீஸில் வரைந்ததுதான். பழைய கோப்பைத் திறந்து, பெயரை மாற்றி, வேறு பெயரில் சேமித்தாள். சுவர்களில் கை வைக்கவே இல்லை.

வெளியே மழை. மாலை வருவதற்கு முன்பே வெளிச்சம் செத்துப்போய், அறைக்குள் ஈரச் சிமெண்ட் வாடையும் பிரிண்டரின் சூடான பிளாஸ்டிக் வாடையும் கலந்து மூக்கை அடைத்தன. பின்னறையில் மகள் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வர இன்னும் நேரம் இருந்தது. அவள் திரையில் கேட்டுப் பக்கத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு கோடாகத் துழாவினாள். ஒன்றுமில்லை. மறுபடி அச்சடிக்கச் சொன்னாள்.

பிரிண்டர் தொண்டையைச் செருமி, தாளை இழுத்து, வழக்கத்தைவிட மெதுவாக, யாரோ சொல்லச் சொல்ல எழுதுவது போல நின்று நின்று அடித்தது. கேட்டுப் பக்கம் சுத்தமாக இருந்தது.

அவன் ஹாலில் நின்றிருந்தான்.

ஆபீஸில் அவளுக்குப் பக்கத்து இருக்கைப் பையனுக்குப் போன் போட்டாள். சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டிருப்பதால் எல்லோருக்கும் அவன் கண்ணாடிதான்.

"தம்பி, என் மெஷின்ல யாராச்சும் கை வச்சீங்களா?"

"நீங்க உள்ள இருக்கறப்ப இங்க ஸ்கிரீன் பூட்டிக்கும்க்கா. அதுவுமில்லாம சார் இருக்கற இருப்புக்கு எவனும் சீட்ட விட்டே எந்திரிக்கல."

"பிளான்ல ஒரு ஆள் வர்றான்டா. ஸ்கிரீன்ல இல்ல. பேப்பர்ல மட்டும் வர்றான்."

"ஆளா? பாக்க லட்சணமா இருக்கானா?" என்று சிரித்தான். "இருங்க, அதே ஃபைல இங்க பெரிய பிரிண்டர்ல போட்டுப் பாக்கறேன்."

போனில் அந்தப் பெரிய பிரிண்டர் உருளும் சத்தம் கேட்டது. அவளுக்கு ஏனோ அவன் சீக்கிரம் பேசினால் தேவலை என்றிருந்தது.

"இங்க ஈ எறும்புகூட இல்லக்கா. சுத்தமா வந்திருக்கு. உங்க வீட்டுப் பிரிண்டர்லதான் வர்றான்னா, அத நீங்க உங்க வீட்லதான் கேக்கணும்."

அவன் கிண்டலாகத்தான் சொன்னான். அவள் குனிந்து பார்த்தாள். கையிலிருந்த தாளின் தலைப்பில் யாரோ ஒரு பார்ட்டியின் பெயர் இருந்தது. கீழே இருந்த சுவர்கள் அவளுடையவை. அந்த ஹால் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

திரும்பினாள். சோபா, துணி மடிக்காத கூடை, மகளின் ஒற்றைச் செருப்பு. வாசல் கதவில் அவள் போட்ட தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. யாரும் இல்லை. இருந்தாலும் அந்த இடத்தில், தாளில் வட்டம் இருந்த இடத்தில், மழைச் சத்தம் கொஞ்சம் குறைவாகக் கேட்டது. நடுவில் ஏதோ நின்று மறைப்பது போல.

"அக்கா? இருக்கீங்களா?"

"வச்சிடறேன்டா."

லேப்டாப்பிலும் ஆபீஸ் இணைப்பை வெட்டினாள். ஆபீஸ் கம்ப்யூட்டர் திரையிலிருந்து மறைந்து, மகள் கேக் வெட்டும் படம் வந்தது. இனி அங்கிருந்து இந்தப் பிரிண்டருக்கு எதுவும் வர வழியில்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பிரிண்டர் தாளை இழுத்தது.

பிளக்கைப் பிடுங்க வேண்டும். கை ஓடவில்லை. தாள் விரல் அகலம், விரல் அகலமாக வெளியே வந்தது. சமையலறை. ஹால். ஹாலில் ஆள் இல்லை. நடை. நடையின் கடைசியில், மகளின் அறை வாசலில், கதவை ஒட்டி, அவன்.

அவள் ஓடினாள். நடையில் எதுவும் தட்டுப்படவில்லை. நுழையும்போது தோளில் மட்டும் ஏதோ உரசியது. திரைச்சீலையாக இருக்கும். திரைச்சீலைதான். அறை இருட்டாக இருந்தது. விளக்கைப் போட நிற்கவில்லை. கட்டிலில் போர்வைக்குள் சுருண்டிருந்த குழந்தையைப் போர்வையோடு அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள். பிஞ்சுக் கைகள் தானாக வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டன. அந்த நிலையிலும் ஒரு நிம்மதி வந்தது. காலையில் அனலாய்க் கொதித்த உடம்பு இப்போது ஜில்லென்று இருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது.

"ஒண்ணுமில்லடா கண்ணு. அம்மா இருக்கேன். அப்பாகிட்ட போயிடலாம்."

நடை. ஹால். வாசல். தாழ்ப்பாள் இறுகியிருந்தது. ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு மறு கையால் இழுத்தாள். அசையவில்லை. பின்னால் பிரிண்டர் அடித்துக்கொண்டிருந்தது. அடித்து முடித்தது. தாள் நழுவித் தரையில் வழுக்கி, அவள் காலருகே வந்து நின்றது.

பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள்.

நடையில் யாரும் இல்லை. வாசலை ஒட்டி ஒரு பெண். அது அவள்தான். அவள் மேலேயே சாய்ந்தபடி, அவளைவிடப் பெரிய தோள்களோடு அந்த இன்னொரு உருவம். இருவருக்கும் நடுவில் இடமே இல்லாமல்.

பின்னறையில், கட்டிலுக்குள், ஒரு சின்ன வட்டம். கோடு விட்டு விட்டுப் போட்டிருந்தது. ஒரு பொருளுக்கு அடியில் மறைந்திருப்பதை அப்படித்தான் வரைவார்கள். இத்தனை வருஷமாக அவள் கையே அப்படி வரைந்திருக்கிறது.

கட்டிலுக்கு அடியில்.

அங்கிருந்து மெல்லிய இருமல் கேட்டது. சளி கட்டிய, அவளுக்கு நன்றாகத் தெரிந்த இருமல்.

"அம்மா, அவன் போயிட்டானா?"

அவள் பின்னறைப் பக்கம் திரும்பப் பார்த்தாள். தோளில் கிடந்தது மெதுவாகக் கனத்தது. போர்வைக்குள்ளிருந்து இரண்டு கால்கள் நீண்டு நீண்டு இறங்கி, அவள் முழங்காலைத் தாண்டி, அவளுடைய பாதங்களுக்கு இரு பக்கமும் தரையில் ஊன்றிக்கொண்டன. கழுத்தைக் கட்டியிருந்த கைகள் மட்டும் அப்படியே இருந்தன.