காற்றுக்கிணறு

எண்பத்தொன்பது டிகிரி. மணிக்கட்டுப் பட்டையில் அந்த எண்ணைப் பார்த்ததும் பூவிழி மிக்ஸியை அணைத்துவிட்டு, பாதி அரைபட்ட தேங்காயோடு அதை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

கூடத்தின் தென்கிழக்கு மூலையில் மனைமூளை உறுமிக்கொண்டிருந்தது. சின்ன சூட்கேஸ் அளவு கறுப்புப் பெட்டி. வேலூரில் இப்போது அது இல்லாத வீடு கிடையாது. வீட்டிலிருப்பவர்களின் நாடி, மூச்சு, நடை, தூக்கம் எல்லாவற்றையும் பட்டை வழியாக வாங்கி, உடம்புக்கு அடுத்து என்ன வரப்போகிறது என்று கணக்குப் போட்டுச் சொல்வது அதன் வேலை. சில வீடுகளில் சர்க்கரை ஏறப்போவதைச் சொல்லும், சில வீடுகளில் மூச்சிரைப்பைச் சொல்லும். பூவிழி வீட்டில் அவள் கணவன் தயாளனுக்கு வலிப்பு வரப்போவதைப் பன்னிரண்டு நிமிடம் முன்னால் சொல்லும். நாக்குக்கடியில் ஒரு மாத்திரை வைத்துப் படுக்கவைத்தால் வலிப்பு வராமலே போய்விடும்.

ஆனால் சூடு ஏறினால் பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மெதுவாகத்தான் யோசிக்கும். போன செவ்வாய்க்கிழமை நான்கு நிமிடம் இருக்கும்போதுதான் வாயைத் திறந்தது. மாத்திரை கரையவே ஆறு நிமிடம் ஆகும். குளியலறை வாசலில் விழுந்த தயாளனுக்குப் புருவத்தில் மூன்று தையல்.

"ஏங்க, உக்காந்துதானே இருக்கீங்க?"

"உக்காந்துனுதான் இருக்கேன். மொதல்ல நீ ஒரு நிமிஷம் உக்காரு."

அவள் எங்கே உட்காருவது? செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவள் ஒழுங்காக உட்கார்ந்து ஒருவாய்ச் சோறு சாப்பிடவில்லை. கல்லூரி வேதியியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை. அங்கேயும் பட்டையைப் பார்த்துப் பார்த்து இரண்டு குடுவைகளை உடைத்திருந்தாள்.

பெட்டியின் மூடியைக் கழற்றி, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக் காற்றாடிகளின் முன்னால் பிடித்தாள். புகை எங்கே போகிறது என்று பார்த்தால் காற்றின் வழி தெரிந்துவிடும். பொருத்திவிட்டுப் போன மகராசன் மூன்று காற்றாடிகளையும் வெளித்தள்ளிகளாகவே வைத்திருந்தான். எல்லோரும் வெளியே தள்ளினால் உள்ளே காற்று எப்படி வரும்? சந்து பொந்து வழியாகத் தூசியோடுதான் வரும். இரண்டைத் திருப்பி உள்ளிழுப்பிகளாக்கினாள். ஒன்று மட்டும் பின்பக்கம் மேலே வெளித்தள்ளி. சூடு எண்பத்து மூன்றுக்கு இறங்கியது. அப்பாடா என்று நிமிர்வதற்குள் மறுபடி எண்பத்தொன்பது.

உள்ளே வரும் காற்றில் கையை வைத்துப் பார்த்தாள். அடுப்புப் பக்கம் நிற்பதுபோல் இருந்தது.

பெட்டிக்குப் பின்னால் ஒரு கம்பி ஜன்னல். அதற்கு அப்பால், குழாய்கள் போவதற்காகக் கட்டடத்தின் அடியிலிருந்து உச்சிவரை விட்டிருந்த குறுகலான வெற்றிடம். குடியிருப்பில் அதைக் காற்றுக்கிணறு என்பார்கள். பெட்டி சூடானது, சூடு என்றால் அக்னி, அக்னி என்றால் தென்கிழக்கு. வாஸ்து பார்த்து எல்லா வீட்டிலும் அதே மூலையில்தான் வைத்திருந்தார்கள். மாடிக்கு ஒரு வீடு, பதினான்கு மாடியும் ஒரே அச்சு. ஒவ்வொரு பெட்டியும் தன் வெப்பத்தைக் கிணற்றுக்குள் துப்ப, மேல்வீட்டுப் பெட்டி அதையே உறிஞ்சியது. பதின்மூன்று வீட்டின் எச்சில் காற்றைத்தான் உச்சி மாடியிலிருந்த பூவிழியின் பெட்டி குடித்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நேரே மூன்றாம் மாடிக்குப் போய், குடியிருப்போர் சங்கச் செயலாளர் வரதராஜுலு வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அக்னி மூலைய உட்டுட்டு வேற எங்கம்மா வெக்கச் சொல்ற? ஈசானியத்துலயா?" என்றார் அவர். இதய நோயாளி, பேசும்போதே நெஞ்சைத் தடவிக்கொள்வார்.

"பெட்டி அங்கயே இருக்கட்டும் சார். ஆனா எல்லா வீட்டுலயும் கூடத்துலேர்ந்து காத்த இழுத்து, கெணத்துல மட்டும் வெளிய உடணும். கெணத்து உச்சியில ஒரே ஒரு பெரிய காத்தாடி. இந்தக் கட்டடத்தையே ஒரு பெட்டின்னு நெனச்சுக்குங்க."

"எல்லாரையும் ஒத்துக்க வெக்கிறது லேசுப்பட்ட காரியமா?"

"நான் சொல்றத நம்ப வேணாம். உங்க பெட்டியவே கேளுங்க."

அவர் கேட்டார். காற்றுத்தடம் ஒன்றானால் மாரடைப்பு எச்சரிக்கை இரண்டு நிமிடம் முன்கூட்டியே வரும் என்றது பெட்டி. வரதராஜுலு உடனே தலையாட்டினார். மனுஷி சொன்னால் நூறு கேள்வி, பெட்டி சொன்னால் வேதவாக்கு.

மூன்று வாரம் பூவிழி ஊதுபத்தியும் திருப்புளியுமாக வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஐந்தாம் மாடியில் இரண்டு காற்றாடிகள் எதிரெதிரே நின்று ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. ஒன்பதாம் மாடியில் வயர்க் கொத்து ஒன்று காற்றை மறித்துக் கிடந்தது. வேலை செய்யாத பழைய வட்டுகள், அழகுக்கு எரியும் வண்ண விளக்குகள். எல்லோரிடமும் ஒரே பாடத்தைச் சொன்னாள்: "காத்து போற வழியில எதுவும் நிக்கக் கூடாது. கணக்குப் போடாம சூடு மட்டும் குடுக்கிறத எல்லாம் வெளிய எடுத்துடுங்க."

வடபுற ஜன்னல்களில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் சொட்டவிட்டார்கள். உச்சிக் காற்றாடியை ஓட்டப் பதினான்கு பெட்டிகளையும் ஒன்றாக இணைத்தார்கள். அறுபத்தெட்டு டிகிரிக்கு இறங்கியது. தயாளனுக்கு எச்சரிக்கை பதினான்கு நிமிடம் முன்னால் வந்தது. அன்றைக்குத்தான் பூவிழி உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அந்த நிம்மதி கத்திரி வெயில் வரைதான். நாற்பத்தேழு டிகிரி வெயிலில் வேலூர்க் கோட்டைச் சுவரே கொதித்தது. பெட்டிகள் மறுபடி எண்பதைத் தொட்டன. எச்சரிக்கை ஒன்பது நிமிடமானது, பிறகு ஏழு. 

"இன்னும் எதை எடுக்கணும்?" என்று பூவிழி பெட்டியிடம் கேட்டாள்.

இரண்டே விநாடியில் பதில் வந்தது. "குளிர்பதனப் பெட்டிகள் பதினான்கு. அடுப்புகள் பதினான்கு. மனிதர்கள் ஐம்பத்து மூன்று. தலைக்கு நூறு வாட் வெப்பம். கணக்குப் போடுவதில்லை. பெரும்பாலும் காற்றுத்தடத்தில் நிற்கிறார்கள்."

தயாளன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சிரித்தாள். மறுநாள் எச்சரிக்கை ஐந்தரை நிமிடத்துக்கு வந்தபோது அவள் சிரிக்கவில்லை.

சங்கக் கூட்டத்தில் தீர்மானம் வந்தது: பகல் பன்னிரண்டு முதல் நான்கு வரை எல்லோரும் வீட்டைவிட்டுக் கீழே வாகன நிறுத்தத்துக்கு வந்துவிட வேண்டும். கை தூக்கச் சொன்னதும் முதலில் உயர்ந்தது பூவிழியின் கை.

மறுநாளிலிருந்து தகரக் கூரைக்கடியில் பாய்களும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் வந்தன. கீழே நாற்பத்து மூன்று டிகிரி. மேலே வெட்டிவேர் மணக்க, ஆளில்லாத வீடுகளில் இருபத்தொன்பது. வியர்வையில் நனைந்து விசிறிக்கொண்டே ஆளாளுக்குப் பட்டையைப் பார்த்துப் பெருமையடித்துக்கொண்டார்கள். "எங்க வீட்டுது அறுவத்தி ரெண்டு." "எங்களுது அறுவத்தி ஒண்ணுக்கே வந்துடுச்சு." பிள்ளைகளின் மதிப்பெண்ணைக்கூட இந்தக் குடியிருப்பில் யாரும் இவ்வளவு ஆசையாகச் சொல்லிக் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் ஒன்றே முக்கால் மணிக்குத் தயாளனின் பட்டை அதிர்ந்தது. இன்னும் பதினெட்டு நிமிடத்தில் வலிப்பு.

"பதினெட்டா!" என்று வாயைப் பிளந்தார் வரதராஜுலு.

பூவிழி மாத்திரையை வைத்தாள். பட்டை மறுபடி அதிர்ந்தது. மாத்திரை போதாது. காரணம், உடல் வெப்பம். குளிர்ந்த இடத்துக்கு அழைத்துச் செல்லவும்.

அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தயாளனைத் தோளில் சாய்த்து, லிஃப்டில் பதினான்காம் மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கதவைத் திறந்ததும் ஈரக்காற்று முகத்தில் அடித்தது. ஜன்னல் பக்கம் தரையில் அவனைப் படுக்கவைத்து, சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, நனைத்த துண்டால் மார்பைத் துடைத்தாள். அவன் மூச்சு சீரானது. பத்து நிமிடம் கழித்துப் பெட்டி சொன்னது: "வலிப்பு அபாயம் நீங்கியது." அவள் சுவரில் சாய்ந்து அழுதாள். பெட்டி தொடர்ந்தது: "அனைவர் கவனத்துக்கும். பதினான்காம் மாடியில் காற்றுத்தடத்தில் தடை. இரண்டு பேர்."

லிஃப்ட் மேலே வரும் சத்தம் கேட்டது.

வரதராஜுலு வாசலிலேயே நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஐந்தாம் மாடிக்காரரும் ஒன்பதாம் மாடிக்காரரும். யார் முகத்திலும் கோபம் இல்லை, சங்கடம்தான் இருந்தது.

"தப்பா நெனச்சுக்காத பூவிழிம்மா. நீங்க மேல வந்ததுலேர்ந்து எங்க பெட்டிங்க ஏறினே போவுது. எனக்கு நெஞ்சு. தோ, அஞ்சாம் மாடி, இவங்க பொண்ணு மாசமா இருக்குது. பெட்டி சொல்றதுக்கு லேட்டாச்சுன்னா..."

"கீழ வெயில்ல இவருக்குத் தாங்கல சார்!"

"இப்ப சரியாயிடுச்சுல்ல? பெட்டியே சொல்லிடுச்சே."

 அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டிருப்பதை அவள் பார்த்தாள். தயாளன்தான் முதலில் எழுந்தான். "வா பூவி. நம்மளால அந்தப் பொண்ணுக்கு ஒண்ணு ஆயிடக் கூடாது." நாற்காலி வேண்டாம் என்று சொல்லி அவன் லிஃப்டுக்கு நடந்தான். அவள் கதவைச் சாத்தி, இடுக்கில் காற்றுப் புகாமல் துணியைத் திணித்தாள்.

தகரக் கூரைக்குக் கீழே வந்து அவன் பாயில் உட்கார்ந்ததும் பட்டை அதிர்ந்தது. ஒன்பதாம் மாடிக்காரர் எட்டிப் பார்த்து உரக்கப் படித்தார். "இன்னும் நாற்பது நிமிடத்தில் வலிப்பு. நிச்சயம்."

நாற்பது நிமிடம்! ஊரில் எந்தப் பெட்டியும் இவ்வளவு முன்னதாகச் சொன்னதில்லை. யாரோ கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். தயாளன் வெட்கப்பட்டுச் சிரித்தான். பூவிழி அவன் வியர்வையைத் துடைத்தபடி மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.