ஒரே வண்டியின் பாகங்கள்

சாதாரா அருகே நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த அந்தப் பழைய இரும்புக் கடையில் நாங்கள் வண்டியை நிறுத்தியபோது மதியம் இரண்டு மணி. 2003 ஜூலை, விடாத சாரல். கோலாப்பூரில் அம்மனைத் தரிசித்துவிட்டுப் புனே திரும்பிக்கொண்டிருந்தோம். ஸ்டீயரிங்கைக் கால் வட்டம் சுற்றினாலும் சக்கரம் திரும்ப மறுத்தது. என் அக்கா லீலாவின் கணவர் துரைசாமி மாமா வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தார். புனேயின் போசரி தொழிற்பேட்டையில் ஃபிட்டராக இருக்கும் மச்சினனை ஊர் சுற்றக் கூட்டிப்போவது இதற்குத்தானே. சோறும் டீயும் கொடுத்தால் போதும்.

"எதுனா பண்ணு கோவிந்தா. வூடு போய் சேரணும்" என்றார். பின் சீட்டில் அக்காவும் ஒன்பது வயது காவ்யாவும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

மாமாவின் வண்டி மாதிரியானவற்றை இப்போது எஸ்யூவி என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். அவர் அதைப் பழசாக வாங்கியபோதே நான் வேண்டாம் என்றேன். அந்த மாடலே எனக்கு ஆகாது. ஏன் ஆகாது என்று எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.

வாங்கியபின் வாயை மூடிக்கொண்டு உழைத்தேன். புது டூப்ளிகேட்டைவிடப் பழைய ஒரிஜினல் மேல் என்பது என் கட்சி. ஒரே வண்டியிலிருந்து கழற்றிய பாகங்கள் என்றால் இன்னும் விசேஷம். சேர்ந்து ஓடித் தேய்ந்தவை சொன்னபடி கேட்கும். இந்தப் பெருமைதான் எங்களைக் கவிழ்த்தது.

கடைக்காரர் எங்களைப் பின்பக்கம் அழைத்துப்போனார். புதருக்குள் ஒரு வண்டிக் கூடு கிடந்தது. அதே மாடல். கருஞ்சிவப்பு. கூரை நசுங்கியிருந்தது. இடது பக்க விளக்கு இல்லை. பின்னால் பார்க்கும் இடது பக்கக் கண்ணாடியும் இல்லை.



ஜனவரியில் பண்டரிபுரம் போகும் வழியில் எங்கள் இடது விளக்கு உடைந்தது. இந்தாப்பூரில் ஒன்று கிடைத்தது. மே மாதம் ஷிர்டி போகும்போது இடது கண்ணாடி போனது. நாராயண்காவில் ஒன்று கிடைத்தது. இரண்டிலும் கருஞ்சிவப்புப் பெயிண்ட். திருட்டுக்குப் பயந்து விளக்குக் கண்ணாடி உட்பட எல்லாக் கண்ணாடிகளிலும் வண்டி எண்ணைப் பொறித்துவைப்பது அந்நாளைய வழக்கம். இரண்டிலும் ஒரே எண்தான் இருந்தது: 3618. நான் மாமாவிடம் காட்டினேன். "மூடுடா வாய. அக்கா காதுல வுழப் போவுது" என்றார்.

கூட்டின் முன்கண்ணாடி மூலையில் பாசியை விரலால் துடைத்தேன்.

3618.

சொல்லிவிடுகிறேன். 1996 டிசம்பரில் நானும் மாமாவும் நண்பன் ஒருவனின் காரில் புனே திரும்பிக்கொண்டிருந்தோம். கம்பாட்கி மலைப்பாதையின் ஒரு வளைவில் மாமா அவசரப்பட்டுத் தப்பான பக்கம் ஏறினார். எதிரே கருஞ்சிவப்பு வண்டி. எங்கள்மேல் மோதாமலிருக்க அது ஒடித்துத் திரும்பியது. தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் போனது. மாமா காரை நிறுத்தினார். கீழிருந்து ஒரு பெண் "தாம்பா! தாம்பா!" என்று கத்தினாள். நில்லுங்கள் என்கிறாள். மாமா கதவில் கை வைத்தார். நான்தான், "யாரும் பாக்கல மாமா, போய்டலாம்" என்றேன்.

மூன்றாம் நாள் மராத்திப் பேப்பரில் வண்டி எண்ணோடு செய்தி வந்தது. அவள் புருஷன் அங்கேயே செத்துப்போனான். அவள் விடியும்வரை உயிரோடு இருந்தாளாம்.

"இது வேணாம் மாமா" என்றேன். அவர் மழையைப் பார்த்தார். தூங்கும் மகளைப் பார்த்தார். "வேற கடை எங்கடா இருக்குது? மாட்டு."

கடைக்காரர் இந்தியில் சிரித்தபடி எச்சரித்தார். ஏழு வருடமாக எவனாலும் அந்த வண்டியில் ஒரு நட்டைக்கூட அசைக்க முடியவில்லையாம். விளக்கும் கண்ணாடியும் வரும்போதே இல்லையாம்.

ஸ்பேனரை வைத்தேன். துருப்பிடித்த நட்டு விரலாலேயே சுழன்று வந்தது. அடுத்ததும் அப்படியே வந்தது. என்னை எதிர்பார்த்துக் காத்திருந்த மாதிரி ஸ்டீயரிங் பாக்ஸ் மொத்தமும் கையில் இறங்கியது. வேலை கையில் இவ்வளவு சுலபமாக வந்து நான் பயந்தது அன்றுதான்.

நான்கு மணிக்குக் கிளம்பினோம். ஸ்டீயரிங் வெண்ணெய்போல் திரும்பியது. மாமாவுக்கு முகமே மலர்ந்துவிட்டது. கம்பாட்கியில் இப்போது சுரங்கப்பாதை உண்டு. புனே திரும்புகிறவர்கள் மலையேற வேண்டியதில்லை. பழைய பாதை எதிரே வருகிறவர்களுக்கு மட்டும்.

சுரங்கத்தின் வாய் தெரிந்தது. வண்டி அதை விட்டு விலகியது.

"அப்பா, டனல் உதர் ஹை! நீ கிதர் போறே?" என்றாள் காவ்யா.

மாமா இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

ஸ்டீயரிங் தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

எதிர்த்திசையில் மலை ஏறினோம். ஒரு வண்டிகூட எதிரே வரவில்லை. பனிமூட்டம் கண்ணாடியை அடைத்தது. வண்டிக்குள் ஈர மண் வாடை, அதோடு சிந்திய டீசல் வாடை. மாமா பிரேக்கை மிதித்தார். பயனில்லை. அக்கா காவ்யாவின் தலையை மடியில் அழுத்திக்கொண்டு முருகா முருகா என்றாள். அந்த வளைவில் இன்ஜின் தானாக அணைந்தது.

முன் கதவுகள் இரண்டும் திறந்துகொண்டன.

பின் கதவுகள் அசையவில்லை.

பள்ளத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கோபமே இல்லை. விருந்துக்கு அழைப்பதுபோல் கூப்பிட்டது.

"தோகே யா."

ரெண்டு பேரும் வாங்க.

"யாருங்க அது?" என்றாள் அக்கா.

மாமா அவளைத் திரும்பிப் பார்த்தார். "லீலா, ஏழு வருசம் முன்னாடி இங்க ஒரு பொம்பளைய சாவ வுட்டுட்டு வந்தேன்." என் பெயரைச் சொல்லவில்லை. பிறகு பனியைப் பார்த்து, "நான் வர்றேம்மா. எம்பொண்ணு ஒரு தப்பும் பண்ணல" என்றார். இறங்கி நின்று என்னைப் பார்த்தார்.

"வாடா."

நான் என் பக்கக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டேன்.

அவர் தனியாக இறங்கிப் போனார். பனி மூடியது. அடுத்த கணம் இன்ஜின் தானாக உயிர்பெற்றது. பின் கதவுகளும் திறந்தன. அக்கா ஓடிப்போய் விளிம்பில் நின்று கத்தினாள். போலீஸ் வந்து இருட்டும்வரை தேடியது. கீழே அவர் கூப்பிடுவது எல்லோருக்கும் கேட்டது, எங்கிருந்து என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. காலையில் ஒரு பாறைக்குப் பக்கத்தில் கண்டெடுத்தார்கள். விடிகிற நேரத்தில்தான் உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர்.

அக்கா அதன்பின் என்னிடம் பேசவில்லை. நான் கதவைச் சாத்தியதை அவள் பார்த்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் கோழை, இரண்டு முறையும்.

ஆறு வருடம் ஆகிறது. போன வாரம் கம்பெனி வேனில் முன் சீட்டில் உட்கார்ந்து போசரிக்கு வந்தேன். கேட்டில் வேன் நின்றது. என் பக்கக் கதவு திறக்கவில்லை. டிரைவர் ஸ்டீபன், புனே விஷ்ராந்த்வாடியில் இருக்கும் தமிழ்ப் பையன், சுற்றிவந்து வெளியிலிருந்து இழுத்தான். வரவில்லை. கண்ணாடி வழியாக எனக்குப் பின்னால் பார்த்தான்.

"அண்ணே, பின்னால ஒரு அம்மாவும் ஒருத்தரும் உக்காந்திருக்காங்களே, அவங்க எறங்கலையா?"

காலையில் என்னைத் தவிர யாரும் அந்த வேனில் ஏறவில்லை. நான் திரும்பவில்லை. கழுத்தருகே ஈர மண் வாடை அடித்தது. மாமாவின் குரல் நிதானமாகச் சொன்னது.

"நீ மொதல்ல எறங்குடா, கோவிந்தா."