சிறுமலை வாழையின் பூவைக் காணோம்

காலை ஒன்பது மணி. குலை இருந்தது. பூவைக் காணோம்.

கல்லூரித் தாவரவியல் துறையின் பின்பக்கத் தோட்டத்தில் ஜீவிதா அசையாமல் நின்றாள். சிறுமலை அடிவாரத்திலிருந்து கன்றாகக் கொண்டுவந்து அவள் வளர்த்த காட்டு வாழை அது. காய் முழுக்க விதை. கடித்தால் பல் போகும். இன்றைய வாழைகளுக்கெல்லாம் மூத்த இரண்டு காட்டு இனங்களில் இது எதன் வழி, இல்லை இரண்டும் கலந்ததா என்பதுதான் அவளுடைய முனைவர் பட்டமே. பதில் பூவின் மடலில் இருந்தது: நுனி கூரா மழுங்கலா, உட்புறம் மஞ்சளா சிவப்பா. பதினோரு மணிக்குப் பேராசிரியர் மணிமேகலை அளக்க வருவதாக ஏற்பாடு. வாழை இன்னொரு முறை பூக்காது.

துப்பறிய முன்வந்தவன் செழியன். அதே துறையில் பாசி ஆராய்ச்சி. பாசி மெதுவாக வளர்வதால் அவனுக்கு நேரம் நிறைய இருந்தது. வழக்கம்போல அவளுடைய டிபன் பாக்ஸைத் திறந்து, வாழைப்பூப் பொரியலைத் தின்றபடியே தடயம் தேடினான்.

"ஏ ஜீவி, உங்க வீட்டு வெஞ்சனம் இன்னைக்குக் கசக்குது."

"செத்த நேரம் திங்காமத் தேடேன்டா."

அவன் குனிந்தான். "கத்தி படல, கையால ஒடிச்சிருக்கு. காஞ்ச சருகை உரிச்சு ஓரமா அடுக்கியிருக்கு. அடியில மண்ணு வேற அணைச்சிருக்கு. திருட வந்தவன் எதுக்கு வேலை பாத்துட்டுப் போறான்?"

காவலாளி ராமரைக் கூப்பிட்டார்கள். செய்தி கேட்டு மணிமேகலையும் முன்னதாகவே வந்துவிட்டார்.

"நேத்து சாயந்தரம் உள்ள யாருண்ணே வந்தது?"

"யாரும் வரல தம்பி."

"அப்ப நீங்கதான் ஒடிச்சிருக்கணும்," என்றாள் ஜீவிதா.

ராமர் முகம் சுண்டிப்போனது. "ஏம்மா, பூவுக்காகவா நான் திருடுவேன்?"

"பூ வரலைன்னா நாளைக்கு நீங்களும் வர வேண்டாம், ராமர்," என்றார் மணிமேகலை.

செழியன் பல்லிடுக்கில் சிக்கிய நாரை எடுத்தான். "அண்ணே, நீங்க ஆளுன்னே கணக்குல சேக்காத யாராச்சும் வந்தாங்களா?"

"இந்தப் பாப்பாவோட தோட்டக்காரரு வந்தாரு. அவரை எப்படித் தம்பி சேக்குறது?"

"உனக்கு ஏது தோட்டக்காரரு? நீதான தண்ணி ஊத்துற?" என்று செழியன் அவள் பக்கம் திரும்பினான்.

ஜீவிதாவுக்குக் காது சூடேறியது.

நேற்று அவள் மறந்துவிட்டுப் போன சார்ஜரை எடுத்துக்கொண்டு சித்தையன்கோட்டையிலிருந்து அப்பா நல்லுசாமி வந்திருந்தார். மடித்துக் கட்டிய வேட்டி, காலில் வயல் சேறு. தோட்டத்துக் கேட்டருகே அவளோடு மூன்று தோழிகள். இது யாரென்று ராமர் கேட்க, "தோட்ட வேலைக்கு வந்தவரு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சார்ஜரை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் துறைக் கட்டடத்துக்குள் போய்விட்டாள்.

செழியன் டிபன் பாக்ஸை மெல்ல மூடினான்.

"மேடம், பூ கிடைச்சிருச்சு. முக்கால்வாசி என் வயித்துல இருக்கு. சீப்பு விட்டதும் பூவை ஒடிச்சாத்தான் குலை பெருக்கும்னு விவசாயி ஒடிப்பாரு. ஒடிச்ச பூவை வீணாக்காம வீட்டுக்குக் கொண்டுபோவாரு. அது ஜீவி டிபன்ல வந்திருக்கு, அதான் கசப்பு. அப்ப அந்தத் தோட்டக்காரரு..."

"எங்கப்பா," என்றாள் ஜீவிதா. சத்தம் வரவில்லை. இரண்டாம் முறை எல்லாருக்கும் கேட்டது. ராமரிடம் மன்னிப்புக் கேட்டபோது அவர் செருப்பைத்தான் பார்க்க முடிந்தது.

போன் போட்டாள்.

"ஒடிச்சது தப்பா, ஆத்தா?" என்றார் நல்லுசாமி. "கேட்டுல இருந்த மனுசன் என்னையவே பாத்துக்கிட்டிருந்தாரு. தோட்டக்காரன்னு நீ சொல்லிட்ட, நான் சும்மா நின்னா உன் பேச்சு பொய்யாயிருமே. அதான் ரெண்டு வேலை பாத்தேன்."

"மேல் மடலெல்லாம் எங்க இருக்குப்பா?"

"மாட்டுக்குப் போட்டேன். கசப்புன்னு மாடு மோந்துகூடப் பாக்கல. அப்படியே கெடக்கு, கொண்டாரேன்."

பதினொன்று தாண்டி வந்து சேர்ந்தார். கேட்டில் மணிமேகலை, செழியன், ராமர் எல்லாரும் நின்றார்கள். உரச்சாக்கில் மடல்கள் கிழியாமல் அடுக்கி வந்திருந்தன. நல்லுசாமி எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். வேட்டியை இறக்கிவிட்டு, சாக்கை இரண்டு கையாலும் மகளிடம் நீட்டினார்.

"இந்தாங்க மேடம்."