செவிமுத்திரை

"மன்னிக்கவும். உங்கள் குடும்பத்தில் ஒருவர் ஏற்கெனவே என்னிடம் பேசிவிட்டார். செவிமுத்திரை விழுந்துவிட்டது," என்றது வழக்காடிப்பொறி.

மித்ராவுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. காலையிலிருந்து போனும் கையுமாக இருக்கிறாள். கோயம்புத்தூரில் உள்ள எல்லாப் பொறிகளும் இதே பல்லவியைத்தான் பாடின. வழக்காடிப்பொறி எதையும் மறக்காது. அதனால் வந்தது இந்தச் சட்டம்: வீட்டில் ஒருவர் தன் கதையைச் சொல்லிவிட்டால், அந்தப் பொறி அதே வீட்டில் இன்னொருவருக்காக வாதாடக் கூடாது, கேட்டதை வெளியே விடவும் கூடாது. நல்ல சட்டம்தான், அடுத்தவர் முந்திக்கொள்ளாதவரை.

முந்திக்கொண்டது பிரசன்னாதான், சந்தேகமே இல்லை. விவாகரத்துப் பேச்சை எடுத்த நாளிலிருந்தே புருஷன் கில்லாடி ஆகிவிட்டான். திங்கட்கிழமை விசாரணை. வக்கீல் இல்லாதவரின் வாதம் செல்லாது. பத்து வயது அமுதினி அப்பாவோடு போய்விடுவாள்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு மனித வக்கீல், ஜமீலா. பொறிகள் வந்தபின் கோர்ட்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை மாடியில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். மித்ரா மாடியேறினால், அங்கே பெஞ்சில் பிரசன்னா.

"ஊர்ல இருக்கிற பொறியெல்லாம் வளைச்சுப் போட்டது போதாதா? இங்கயும் வந்துட்டியா?"

"நானா? எனக்கே ஒண்ணும் கிடைக்கல. நீதான் அடைச்சு வச்சிருக்கேன்னு நெனச்சேன்."

ஜமீலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டு பேரும் உக்காருங்க. என்னாலயும் முடியாதுங்க. சட்டப்படி குழந்தையும் ஒரு தரப்பு. உங்க பொண்ணு எல்லாப் பொறிகிட்டயும் பேசிட்டு, நேத்து ஸ்கூல் யூனிஃபார்மோட இங்கயும் வந்தா. அவளுக்காக நான் போட்ட மனுவும் பதிவாயிருச்சு. அதனாலதான் பேரையாவது சொல்ல முடியுது."

"என்ன கேட்டிருக்கா, வக்கீலம்மா?"

"அதைச் சொல்லக் கூடாதும்மா. ஆனா திங்கக்கிழமை அவ கேட்டதுதான் தீர்ப்பு. எதிர்த்துப் பேச உங்களுக்கு ஆள் இல்லையே."

இருவரும் ஒரே ஆட்டோவில் வீடு திரும்பினார்கள். சண்டை போடவில்லை, பயமாக இருந்தது. நாம் சேர்ந்திருக்கச் சொல்லிக் கேட்டிருப்பாளோ என்றான் பிரசன்னா. இரண்டு பேருமே வேண்டாம் என்று கேட்டிருந்தால் என்றாள் மித்ரா.

அமுதினி ஹாலில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். மித்ரா பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தடவினாள்.

"கண்ணு, வக்கீல்கிட்ட என்ன சொன்னே? எங்ககிட்ட சொல்லலாம்ல?"

அமுதினி பென்சிலைக் கீழே வைக்காமலே நிமிர்ந்தாள். பத்து வயதுப் பிள்ளையின் முகத்தில் அவ்வளவு களைப்பு இருக்கக் கூடாது.

"எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சும்மா. உங்ககிட்டதான் முதல்ல சொன்னேன். அப்ப ரெண்டு பேரும் எந்த வக்கீல் ஜெயிக்கும்னு போன்ல பாத்துட்டிருந்தீங்க. இனி கோர்ட்லயே கேட்டுக்கோங்க," என்றுவிட்டு அடுத்த கணக்கைப் போடத் தொடங்கினாள்.