நிற்கிற கால்

முதல் சுற்றில் யோகேஸ்வரி மூன்று குத்து வாங்கினாள். மூன்றும் வலது கையால் வந்தவை. மூன்றும் மூக்கில்.

எதிரே ராஜபாளையம் ஜாஸ்மின். போன வருடமும் யோகேஸ்வரி இவளிடம்தான் தோற்றாள். இன்று ஜெயித்தால் மாநிலக் குத்துச்சண்டைப் போட்டிக்குப் போகலாம். தோற்றால், பால் கறக்கும் நேரத்துக்குள் வீடு போய்ச் சேர, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மம்சாபுரம் பஸ்ஸைப் பிடிக்கலாம்.

இடைவேளையில் தங்கப்பாண்டியன் மாஸ்டர் தண்ணீர் கொடுத்தார்.

"அவ கண்ணப் பாருன்னு சொன்னேன்லா?"

"பாத்தேன் சார். கண்ணு ஒண்ணும் சொல்லல."

வீட்டுச் செவலைப் பசுவின் கண்ணும் அப்படித்தான். அசை போட்டபடியே உதைக்கும். இதுவரை இரண்டு வாளிகளை நசுக்கியிருக்கிறது. உதைக்கிற காலைப் பார்த்தும் பயனில்லை. அதற்குள் வாளி உருண்டுவிடும். யோகேஸ்வரி நிற்கிற காலைப் பார்ப்பாள். முதலில் அந்தக் காலில் பாரம் இறங்கும். உடனே வாளியை இழுத்துக்கொள்வாள்.

இரண்டாம் சுற்றில் அவள் பார்வையைச் சற்றுத் தாழ்த்தினாள்.

ஜாஸ்மினின் வலது குதிகால் தரையில் அழுந்தியது. யோகேஸ்வரி விலகினாள். கையுறை காதோரம் காற்றைக் குத்திவிட்டுப் போனது.

மறுபடி அழுந்தியது. மறுபடி விலகினாள். இந்த முறை திருப்பியும் குத்தினாள்.

மூன்றாம் சுற்று முடிந்ததும் நடுவர் யோகேஸ்வரியின் கையை உயர்த்தினார்.

கீழே இறங்கும்போது, எதைக் கண்டுபிடித்தாய் என்று மாஸ்டர் கேட்டார். சொன்னாள். அதை யாரிடமும் சொல்லாதே, அடுத்த வருடமும் அந்தப் பிள்ளை வரும் என்றார்.

குழாயடியில் ஜாஸ்மின் நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. கையில் சுற்றிய துணியை அவிழ்த்துவிட்டு, வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, நான் குத்தப் போறது ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

யோகேஸ்வரி முகம் கழுவினாள். நேரமெடுத்துக் கழுவினாள். ஜாஸ்மின் இன்னும் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையில ஒண்ணுமில்ல. கால்ல இருக்கு. குத்தறதுக்கு முன்னால ஒன் குதிகால் அழுந்துது."

"இத எங்க படிச்ச?"

"எங்க மாட்டுக்கிட்ட."

"அப்ப நான் மாடா?"

"மாடு இம்புட்டு வேகமா உதைக்காது."

ஜாஸ்மினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவளும் ஒன்று சொன்னாள்.

"குத்தப் போறப்ப நீ மூச்சப் பிடிக்கிற. கடைசி ரவுண்டுலதான் எனக்குத் தெரிஞ்சுது."

யோகேஸ்வரிக்கு அது தெரியாது. தன் மூச்சை அவள் இதுவரை கவனித்ததே இல்லை.

கையுறை இல்லாமல், மெதுவாக ஒரு முறை ஆடிப் பார்ப்போமா என்று ஜாஸ்மின் கேட்டாள். இருவரும் குழாயடியிலேயே கைகளை உயர்த்தினார்கள். மாஸ்டர் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார்.

யோகேஸ்வரி மூச்சை விட்டாள். ஜாஸ்மினின் குதிகாலையே பார்த்தாள். அது அழுந்தவில்லை.

மூக்கின் நுனியில் ஒரு விரல் வந்து தொட்டது.

"சரி," என்றாள் யோகேஸ்வரி. "இனி வேற எதையாவது பாக்கணும்."